வான்நோக்கும் ‘தில்’ என்னும் விழைவும்: சங்கப் பாடல்களில் நிகழ்பொழுது

முன்னுரை

சங்க இலக்கியத்தில் விண்மீன்களும் கோள்களும் இடம்பெறும் பாடல்கள் தமிழாய்வில் பெரும்பாலும் இரு நோக்கங்களுக்காகவே எடுத்தாளப்பட்டு வந்துள்ளன. பாடல் தோன்றிய காலத்தைக் கணிப்பது ஒன்று. பண்டைத் தமிழரின் வானியல் அறிவையோ நிமித்த நம்பிக்கையையோ நிறுவுவது மற்றொன்று. பரிபாடலின் 11ஆம் பாடல் கூறும் கோள்நிலைகளைக் கொண்டும், புறநானூற்றின் 229ஆம் பாடல் கூறும் மீன்நிலைகளைக் கொண்டும் ஆண்டும் நாளும் காண முயன்ற அறிஞர்கள் உளர். இம்முயற்சிகளின் பயனை மறுத்தற்கில்லை. ஆயினும், இவை பாடலைச் சான்றாகக் கொள்கின்றனவேயன்றிப் பாடலாகக் கொள்வதில்லை. வானத்தில் என்ன இருந்தது என்று கேட்கும் ஆய்வு, வானத்தைப் பார்த்தவர் யார், எந்த நிலையில் நின்று பார்த்தார், பார்த்தபின் அவர் நெஞ்சம் எங்கே சென்றது என்னும் வினாக்களை எழுப்பாமலே நின்றுவிடுகிறது.

இவ்வினாக்களை முன்வைத்துப் புறநானூறு 229, அகநானூறு 141, நெடுநல்வாடை ஆகிய மூன்று பாடல்களை இக்கட்டுரை ஆராய்கிறது. சங்கப் பாடல்களில் வானத்தை நோக்குவோர் வருங்காலத்தை அறிந்துகொண்டு அமைதி அடைவதில்லை. தாம் நிற்கும் பொழுதின் அருமையை உணர்ந்து, அப்பொழுதில் தமக்கு வேண்டியது இன்னது என்று கண்டுகொள்கின்றனர் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். இக்கருத்துக்கு அரணாக அமைவன இரண்டு சிறு சொற்கள். ஒன்று, ‘நாள்’ என்னும் பெயர்ச்சொல். மற்றொன்று, ‘தில்’ என்னும் இடைச்சொல்.

‘நாள்’ என்னும் சொல்

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுக்கிறது. எனவே அகப்பாடல் எதுவும் பொதுவான ஒரு காலத்தில் நிகழ்வதில்லை. ஒரு பெரும்பொழுதில், ஒரு சிறுபொழுதில் நிகழ்கிறது. கார்காலத்து மாலை, கூதிர்காலத்து யாமம், வேனிற்காலத்து நண்பகல் எனப் பொழுது குறிக்கப்பட்ட பின்னரே உணர்வு அதன்மேல் நிற்கிறது. இவ்விலக்கியத்தில் வானம் பெறும் இடத்தை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிடுதல் வேண்டும்.

பொழுதைக் குறிக்கும் சொற்களுள் ‘நாள்’ தனித்த கவனத்திற்குரியது. அது ஒரு பகலும் இரவும் சேர்ந்த அளவைக் குறிக்கிறது. அதுவே, திங்கள் ஓர் இரவில் தங்கும் மீனையும் குறிக்கிறது. இருபத்தேழு மீன்களும் நாண்மீன்கள் எனப்பட்டன. நிலைமாறித் திரிவன கோண்மீன்கள் எனப்பட்டன. மேலும், அன்று மலர்ந்த பூ நாண்மலர்; பகற்பொழுதில் கூடும் கடை நாளங்காடி. ஆக, ஒரே சொல் விண்ணிலுள்ள மீனுக்கும் அன்றலர்ந்த மலருக்கும் அன்றைய அங்காடிக்கும் பொதுவாகிறது. இன்று என்ன நாள் என்று அறிய ஒருவர் தலைநிமிர்ந்து திங்கள் எந்த மீனோடு நிற்கிறது என்று காண வேண்டியிருந்த வாழ்க்கைமுறையின் எச்சம் இச்சொல்லில் உள்ளது எனலாம். அவ்வாழ்க்கையில் வானத்தைப் பார்த்தல் தொலைவுக்குச் செல்வதன்று, இன்றைக்குத் திரும்புவது.

களவொழுக்கத்திலும் தலைவன் நல்ல ஓரையையும் நாளையும் கைவிடுதல் கூடாது எனத் தொல்காப்பியக் களவியல் கூறுகிறது. ‘ஓரை’ என்பது கிரேக்கச் சொல்லின் வழிவந்ததா, தமிழிலேயே மகளிர் விளையாட்டைக் குறித்த சொல்லோடு தொடர்புடையதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது எவ்வாறாயினும், ‘நாள்’ என்பதில் ஐயமில்லை. மணவினைகளிலும் இதனைக் காணலாம். அகநானூற்று 136ஆம் பாடலில், திங்கள் சகடத்தை, அதாவது உரோகிணியைக் கூடிய நல்ல வேளையில் திருமணம் நிகழ்கிறது. ஆனால் அந்நாள் அப்பாடலில் நல்வாழ்வுக்கு உறுதி கூறும் முத்திரையாக நிற்கவில்லை. தலைவி ஊடியிருக்கும் வேளையில், அவ்வூடலைத் தணிக்க இயலாத தலைவன், முதலிரவில் அவள் நாணிய நாணத்தைத் தன் நெஞ்சிற்கு நினைவூட்டுகிறான். நல்ல மீன் அவர்களை ஊடலினின்றும் காக்கவில்லை. அது ஓர் இரவை மறக்க முடியாதபடி குறித்து வைத்தது, அவ்வளவே. புலவன் மீனிடம் எதிர்பார்த்த பணியும் அதுவே எனத் தோன்றுகிறது.

கூடலூர் கிழார் கண்ட இரவு

புறநானூற்று 229ஆம் பாடல் கோச்சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் இறப்பைக் குறித்துக் கூடலூர் கிழார் பாடியது. இவ்விருவர்க்கும் இடையே இருந்த தொடர்பு சாதாரணமானதன்று. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார், தொகுப்பித்தவன் இம்மன்னன். ஐந்நூறு பாடல்களைத் திணைக்கு நூறாக அடுக்கிய பணியில் இணைந்திருந்த இருவருள் ஒருவர், மற்றவரின் இறப்பைப் பாடுகிறார் என்னும் செய்தியை மனத்திற்கொண்டே இப்பாடலைப் படித்தல் வேண்டும்.

பாடலின் முற்பகுதி ஓர் இரவின் வானத்தை வியப்பூட்டும் நுட்பத்துடன் அமைக்கிறது. பழைய உரையின்படி அவ்விரவு பங்குனித் திங்களின் முற்பகுதியில், கார்த்திகை நாளில், செறிந்த இருளையுடைய நள்ளிரவில் அமைகிறது. பனையின் வளைந்த வடிவுடைய அனுடம் முதலாகக் குளத்தின் வடிவுடைய புனர்பூசம் ஈறாக மீன்கள் ஒளிர்கின்றன. உச்சியில் நின்ற உத்தரம் சாயத் தொடங்குகிறது. அதற்கு எட்டாம் மீனாகிய மூலம் எதிரே எழுகிறது. உத்தரத்திற்கு முன்சென்ற எட்டாம் மீனாகிய மிருகசீரிடம் துறையில் இறங்குகிறது. அப்பொழுது, கீழ்த்திசையிலும் செல்லாது வடதிசையிலும் செல்லாது, கடல்சூழ்ந்த நிலத்திற்கு விளக்காக எரிபரப்பி ஒரு மீன் விழுகிறது.

இக்குறிப்புகளின் உள்ளிசைவு கருதத்தக்கது. இருபத்தேழு மீன்கள் வட்டம் முழுவதையும் பங்கிடுவதால், ஒரு மீனுக்கும் அதன் எட்டாம் மீனுக்கும் உள்ள தொலைவு ஏழு பங்கு. அஃதாவது ஏறத்தாழ 93 பாகை. எனவே உத்தரம் உச்சியில் நிற்கையில் மூலம் கிழக்கு அடிவானிலும் மிருகசீரிடம் மேற்கு அடிவானிலும் இருத்தல் இயல்பே. பங்குனியின் முற்பகுதியில் கார்த்திகையோடு நிற்கும் திங்கள் சில நாட்களே வளர்ந்த பிறை. அது முன்னிரவிலேயே மறைந்துவிடும். நள்ளிரவில் இருள் நிறைந்திருந்தது என்று புலவர் கூறுவது வெறும் அடைமொழியன்று. அவ்விரவுக்கு அதுவே உண்மை.

இந்நுட்பத்தைக் கண்டு வியந்த ஆய்வாளர்கள் இதனைக் கணியரின் பஞ்சாங்க அறிவுக்குச் சான்றாக்கினர். ஆனால் பாடல் தரும் விவரங்கள் ஏட்டில் எழுதிய கணக்கைப்போல் அமையவில்லை. வெட்டவெளியில் நிற்கும் ஒருவரின் கழுத்து அசைவைப்போல் அமைந்துள்ளன. தலைக்கு மேல் ஒரு மீன். முகத்திற்கு நேரே எழும் மீன். முதுகுப்புறம் இறங்கும் மீன். இம்மூன்றுக்கும் நடுவே மனிதர் நிற்கின்றனர். மீன்களின் பெயர்களும் அவர்கள் நிற்கும் ஊரிலிருந்தே எடுக்கப்பட்டவை: வளைந்த பனை, குளம், மீன் இறங்கும் துறை. வானம் இங்கே வேற்றுலகமன்று. இருளில் கவிழ்ந்து நிற்கும் ஊரின் மறுபக்கம். விழும் மீனின் திசையையும் புலவர் நேராகச் சொல்லவில்லை. அது செல்லாத திசைகள் இரண்டைச் சொல்கிறார். நொடியில் முடிந்துவிட்ட ஒன்றைப் பின்னர் நினைவில் மீட்பவர், எது இல்லை என்பதிலிருந்து தொடங்கி எது இருந்தது என்பதை நெருங்குவது இயல்பாகும்.

வேறொரு நிலையிலும் இவ்வியல்பு கூடலூர் கிழாரிடம் காணப்படுகிறது. குறுந்தொகையின் 167ஆம் பாடல் அவருடையதே. புதுமணப்பெண் தயிர் பிசைந்த விரலோடு சமைத்த புளிக்குழம்பை இனிது என்று கணவன் உண்ண, அவள் முகத்தில் நுண்ணியதாக ஒரு மகிழ்ச்சி தோன்றியதைச் செவிலி கண்டுவந்து நற்றாய்க்குக் கூறும் பாடல் அது. அடுக்களைப் புகையிடையே ஒரு முகத்தில் தோன்றி மறைந்த ஒளியைக் கண்டவரும், நள்ளிரவு வானத்தில் தோன்றி மறைந்த எரியைக் கண்டவரும் ஒருவரே. இரண்டு பாடல்களும் ஒரு கணத்தைத் தவறவிடாத கண்ணின் வெளிப்பாடுகள். 229ஆம் பாடலை வானியல் குறிப்பாக மட்டும் படிப்போர் இத்தொடர்பைக் காண வாய்ப்பில்லை.

‘தில்’ என்னும் இடைச்சொல்

மீன் விழுந்ததைக் கண்ட பின்னர் என்ன நிகழ்ந்தது என்பதே பாடலின் மையம். கண்டவர் புலவர் ஒருவர் அல்லர்; அவரும் பிறரும் பல்வேறு இரவலரும் கண்டனர். அவர்கள் கணியனிடம் செல்லவில்லை, பரிகாரம் தேடவில்லை. தங்கள் மன்னன் நோயின்றி இருந்தால் நன்று என்று மட்டும் விழைந்தனர். அவ்விழைவில் ‘மன்’, ‘தில்’ என்னும் இரண்டு இடைச்சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. தில் என்னும் சொல்லுக்கு விழைவு, காலம், ஒழியிசை என மூன்று பொருள்களைத் தொல்காப்பிய இடையியல் வகுக்கிறது. ஒழியிசை என்பது சொல்லாது விட்ட சொற்களைக் குறிப்பால் உணர்த்துவது. இவ்விடத்தில் தில் விழைவுப் பொருளிலேயே வந்துள்ளது. எனினும், மற்ற இரு பொருள்களின் சாயலும் இவ்விடத்தில் இல்லாமற் போகவில்லை. மன்னன் நலமாயிருந்தால் நன்று என்பதற்குப் பின் சொல்லப்படாத ஒன்று நிற்கிறது. அவ்வாறு இல்லாவிடின் என்ன செய்வோம் என்பதே அது. அதனைச் சொல்ல அவர்களுக்கு வாய் எழவில்லை.

நிமித்த நம்பிக்கைக்குச் சான்றாக இப்பாடலைக் கொள்வோர் இவ்விடைச்சொல்லைக் கடந்துவிடுகின்றனர். மீன் விழுந்தால் மன்னன் இறப்பான் என்னும் நம்பிக்கை அக்காலத்தில் இருந்ததென்பதும், அந்நம்பிக்கையே அவர்களை அஞ்ச வைத்தது என்பதும் உண்மை. அதனை மறைத்துப் பாடலைத் தூய அழகியல் படைப்பாகக் காட்டுவது நேர்மையான திறனாய்வாகாது. ஆனால் நம்பிக்கை ஒன்றாயினும், அதன்முன் மனிதர் நிற்கும் நிலை இருவகைப்படலாம். வரப்போவதை அறிந்துவிட்டோம் என்று மன்னனை முன்கூட்டியே இழந்துவிடுவது ஒருவகை. அவன் இன்னும் உயிரோடிருக்கும் இப்பொழுதில் அவன் நலத்தை விழைவது மற்றொரு வகை. பாடல் இரண்டாவதைத் தேர்கிறது.

இப்பாடலின் கொளு இதற்கு மாறான ஒரு படிப்பைத் தூண்டுகிறது. மன்னன் இன்ன நாளில் இறப்பான் என அஞ்சியிருந்த புலவர், அவன் இறந்தபோது பாடியது என்னும் பொருள்பட அக்கொளு அமைந்துள்ளது. நாள் முன்னரே தெரிந்திருந்தது என்னும் எண்ணத்தை அது படிப்போர் மனத்தில் விதைக்கிறது. பாடலின் சொல்வைப்பு அவ்வாறு இல்லை. ஏழு நாள் என்னும் எண்ணிக்கை அச்சத்திற்குப் பின்னரே வருகிறது. இத்தனை நாளில் நிகழும் என எவரும் சொன்னதாகப் பாடலுக்குள் செய்தி இல்லை. இன்று என்னும் சொல்லோடு நின்று, மன்னன் இறந்துவிட்ட நிலையிலிருந்து புலவர் பின்னோக்கி எண்ணுகிறார். கணக்கு முன்னறிவிப்பிலிருந்து வரவில்லை, இழப்பிலிருந்து வருகிறது. துயருற்ற எவரும் கடைசியாக நலமாகக் கண்ட நாளிலிருந்து எண்ணுவது போன்றது அது.

அந்த ஏழு நாட்கள் எவ்வாறு கழிந்தன என்று பாடல் கூறவில்லை. மன்னன் உண்டான், உறங்கினான், இரவலர்க்கு வழங்கினான் என்று எதுவும் இல்லை. நெஞ்சழிந்து அஞ்சினோம் என்பதோடு ஏழாம் நாள் வந்துவிடுகிறது. இவ்விடைவெளியே பாடலின் மிகப்பெரிய இழப்பாகப் படுகிறது. வானத்தின் ஒரு நொடியைப் பாகை பிசகாமல் நினைவில் வைத்திருப்பவரால், தம் மன்னன் உயிரோடிருந்த கடைசி ஏழு நாட்களில் ஒன்றையேனும் சொல்ல இயலவில்லை. அச்சம் அந்நாட்களை விழுங்கிவிட்டது. நிமித்தம் பலித்தது என்பதைவிட, நிமித்தத்திற்கு அஞ்சியதால் நிகழ்பொழுது கைநழுவியது என்பதே பாடல் மறைமுகமாகத் தரும் செய்தி எனக் கொள்ளலாம். தில் என்னும் விழைவு அச்சத்தை வெல்லவில்லை. ஆனால் அதற்கு எதிராக ஒரு கணம் நின்றது.

இறப்பிற்குப் பின்னர்ப் புலவரின் கண் வானத்தை விட்டு நிலத்திற்கு இறங்குகிறது. யானை கையை நிலத்தில் வைத்து உறங்குகிறது. முரசு கண்கிழிந்து உருள்கிறது. வெண்குடை காம்பொடிந்து கிடக்கிறது. விரைந்து செல்லும் குதிரை நடையின்றி நிற்கிறது. வானத்தில் நான்கு நிலைகளைக் கண்ட நுட்பத்தோடு இப்பொழுது தரையில் நான்கு காட்சிகளைக் காண்கிறார். மன்னன் மேலுலகம் எய்தினான் என்கிறார். எனினும் அம்மேலுலகைப் பற்றி அவர் கூறுவது ஐயவினா ஒன்றே: அங்குள்ள மகளிர்க்குத் துணையாகி, இங்குள்ள தன் துணைவியரை மறந்தானோ என்பது. விண்ணில் தொடங்கிய பாடல், மணிநிற மலைபோன்றவன் என்னும் விளியோடு மண்ணிலுள்ள ஒரு மலையில் முடிகிறது.

கார்த்திகை இரவு

புறப்பாடலில் அச்சத்தின் நடுவே தோன்றிய அதே இடைச்சொல், அகப்பாடல் ஒன்றில் எதிர்பார்ப்பின் நடுவே தோன்றுகிறது. அகநானூற்றின் 141ஆம் பாடல் நக்கீரர் பாடியது. பொருள்வயின் பிரிந்த தலைவனுக்காகக் காத்திருக்கும் தலைவி தோழியிடம் பேசுகிறாள். இரவுதோறும் கனவுகள் இனியவாக உள்ளன. நனவிலும் மனையில் புள் நிமித்தம் நன்றாக உள்ளது. நெஞ்சமும் மகிழ்ந்து உறைகிறது என்கிறாள். நிமித்தங்கள் எல்லாம் அவள் பக்கம் உள்ளன. இவற்றைக் கொண்டு அவன் வருவான் என்று அவள் முடிவு செய்திருக்கலாம்.

ஆனால் அவள் பேச்சு அவ்வழியில் செல்லவில்லை. அது வானத்திற்குச் செல்கிறது. மழை நீங்கிய அகன்ற வானம். முயல்மறு விளங்க நிறைந்த திங்கள். அது அறுமீனைச் சேரும் நள்ளிரவு. நிலத்தில் உழவர் தொழில் முடிந்து கலப்பைகளும் துயில்கின்றன. தெருக்களில் விளக்கேற்றி மாலை தூக்கிப் பழைய ஊர் விழாக் கொள்கிறது. அவ்விழாவைப் பலரோடும் கூடி நாம் கொண்டாட அவன் வருவானாக என்னும் விழைவில் அப்பகுதி நிறைகிறது. அவ்விழைவைத் தாங்குவது மீண்டும் ‘தில்’ என்னும் இடைச்சொல்லே.

இரு பாடல்களையும் ஒப்புநோக்குக. ஒன்றில் தீய நிமித்தம்; மற்றொன்றில் நல்ல நிமித்தம். ஒன்றில் பிறை மறைந்த இருள்; மற்றொன்றில் நிறைமதியின் ஒளி. ஒன்று பங்குனி, மற்றொன்று கார்த்திகை. முதற்பாடலில் நிற்போர் ஆண்மகனாகிய புலவரும் இரவலரும். இரண்டாவதில் இல்லுறையும் தலைவி. இத்தனை வேறுபாடுகளுக்கும் நடுவே, வானத்தை நோக்கிய இருவர் வாயிலும் வருவது ‘நிகழும்’ என்னும் உறுதியன்று. ‘நிகழ்க’ என்னும் விழைவு. தீய நிமித்தம் கண்டவர் நம்பிக்கையை முற்றிலும் கைவிடவில்லை. நல்ல நிமித்தம் கண்டவளும் நிறைவை முற்றிலும் உறுதியாகக் கொள்ளவில்லை. வானம் இருவர்க்கும் விடையாக அமையவில்லை. தமக்கு யார் வேண்டும் என்பதை இருவரும் அவ்வொளியில் தெளிவாகக் கண்டனர்.

இவ்விடத்தில் தலைவியின் விழைவு விழாவோடு இணைந்திருப்பது கருதத்தக்கது. அறுமீனை அவள் தனியே பார்க்கவில்லை, ஊரே பார்க்கிறது. ஊர் முழுவதும் ஏற்றிய விளக்குகள் வானத்து மீன்களுக்குத் தரையிலிருந்து எழும் எதிரொளி. தனித்திருப்பவளுக்கு அவ்விரவின் நிறைவு முழுதும் தெரிகிறது. தான் அதில் பாதி மட்டுமே பங்கு பெறுவதும் தெரிகிறது. நிகழ்பொழுதை உணர்தல் என்பது மகிழ்ச்சியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அப்பொழுதில் இல்லாதவரை அதன் ஒளியில் உணர்வதும் அதுவே.

எழுதிய வானம்

இக்கருத்தை மறுதலையாக விளக்கும் காட்சி ஒன்று நெடுநல்வாடையில் உள்ளது. அதுவும் நக்கீரர் பாடியதே. பாண்டிமாதேவி அரண்மனைக் கட்டிலில் கிடக்கிறாள். கட்டிலுக்கு மேல் மெழுகு பூசிய துணியில் விண்ணுலகம் தீட்டப்பட்டுள்ளது. ஆடு தலையாக உள்ள இராசி மண்டிலத்தில் திரியும் திங்களும், அவனைப் பிரியாத உரோகிணியும் அவ்வோவியத்தில் உள்ளனர். அரசி அவ்வுரோகிணியை நோக்கிப் பெருமூச்செறிகிறாள். கண்ணீரை விரலால் வழித்துத் தெறிக்கிறாள்.

இக்காட்சியின் கூர்மை பருவத்தோடு சேர்த்துப் படிக்கும்போதே புலனாகிறது. பாடல் கூதிர்க்காலத்தது. மழை நின்றபாடில்லை, வாடை வீசுகிறது. அரண்மனையின் உள்ளே விளக்கொளி, கதவுகள் அடைத்துள்ளன. அரசி பார்ப்பதற்கு உண்மையான மீன் எதுவும் இல்லை. எழுதிய மீனே உண்டு. எழுதிய உரோகிணி என்றும் திங்களை விட்டு நீங்குவதில்லை. உண்மையான வானத்திலோ திங்கள் உரோகிணியோடு தங்குவது ஏறத்தாழ ஒரு நாளே. பின்னர் அடுத்த மீனுக்குச் சென்றுவிடும். சுற்றி மீண்டும் வர ஏறத்தாழ 27 நாட்கள் ஆகும். அரண்மனை ஓவியர் இயக்கத்தை நிறுத்திவிட்டனர். நாள் இல்லாத நாண்மீனை வரைந்துவிட்டனர். அசையாத அந்நிறைவோடு தன்னை ஒப்பிடுவதாலேயே அரசியின் துயர் பெருகுகிறது எனலாம். மழை நின்ற ஓர் இரவில் உண்மையான வானத்தை அவள் கண்டிருந்தால், திங்களும் பிரிகிறது, பிரிந்தது மீண்டும் வருகிறது என்னும் ஆறுதல் அவளுக்குக் கிடைத்திருக்கக்கூடும். நக்கீரர் இதனை வெளிப்படக் கூறவில்லை. கூதிர்மழையையும் எழுதிய வானத்தையும் ஒரே பாடலில் வைத்ததோடு நின்றுவிட்டார்.

அதே நள்ளிரவில் மன்னன் பாசறையில் உறங்காதிருக்கிறான். வாடை வீசும்தோறும் விளக்குகளின் சுடர் தெற்கே சாய்கிறது. தூறலைக் குடை மறைக்க, சிலரோடு நடந்து புண்பட்ட வீரர்களைக் கண்டு வருகிறான். அவன் மேலே பார்ப்பதாகப் பாடலில் இல்லை. காற்று எத்திசையிலிருந்து வருகிறது, யார் எங்கே காயமுற்றுக் கிடக்கிறார் என்பவற்றையே அவன் இரவு அறிந்துள்ளது. அரசி எழுதிய வானத்தின்கீழும், அரசன் மறைந்த வானத்தின்கீழும் ஒரே யாமத்தைக் கழிக்கின்றனர். ஒருவர்க்கு அப்பொழுது ஏக்கமாகிறது, மற்றவர்க்குக் கடமையாகிறது. இவ்விரண்டில் எது மேலானது என்று புலவர் தீர்ப்புக் கூறவில்லை. ஆனால் பாடலை அரசியின் பெருமூச்சில் முடிக்காமல் பாசறையில் முடித்திருக்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது.

கணிப்பின் எல்லை

மேற்கண்ட மூன்று பாடல்களிலும் வானம் வருங்காலத்தின் ஏடாகப் பயன்படவில்லை என்பது தற்செயலா என்னும் ஐயம் எழலாம். வேறு சில பாடல்களும் இதே திசையைக் காட்டுகின்றன. புறநானூற்று 30ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஞாயிற்றின் செலவையும் காற்றின் போக்கையும் சார்பின்றி நிற்கும் வானத்தையும் நேரில் சென்று அளந்தவர்போலக் கூறுவோர் உளர் என்கிறார். அவர்களை அவர் இகழவில்லை. அவர்களாலும் அறிய இயலாதது ஒன்று உண்டு. அது சோழன் நலங்கிள்ளியின் உள்ளடங்கிய வலிமை என்கிறார். அளவையின் பெருமையை ஒப்புக்கொண்டு, அதன் எல்லையை மனித உள்ளத்தில் நிறுத்துகிறது அப்பாடல்.

பட்டினப்பாலையின் தொடக்கத்தில் வெள்ளி திசைமாறித் தெற்கே சென்றாலும் காவிரி பொய்ப்பதில்லை. புறநானூற்று 117ஆம் பாடலில் கபிலர், சனி புகைந்தாலும் தூமம் தோன்றினாலும் வெள்ளி தென்திசைக்கு ஓடினாலும் பாரியின் பறம்பு மழை பொய்க்காத நாடாக இருந்தது என்கிறார். கோள்நிலையைக் குறிப்பிட்டு, அதனை மீறி நிற்கும் ஆற்றின் வளத்தையும் அறத்தின் வலிமையையும் போற்றுவது இவ்விரு பாடல்களுக்கும் பொது. இவற்றை அரசனைப் புகழும் மரபு வாய்பாடுகள் என ஒதுக்கலாம். ஆயினும், வாய்பாடாகும் அளவிற்கு அவ்வெண்ணம் புலவரிடையே பரவியிருந்தது என்பதையும் அவை காட்டுகின்றன. பறம்பின் வளம் நிலைக்கவில்லை என்பதும் கபிலர் அறிந்ததே. அதனை அழித்தது கோளன்று, மூவேந்தர் பகை.

கணியன் பூங்குன்றனாரின் பெயரும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. கணியன் என்பது காலத்தைக் கணித்துரைப்பவரைக் குறிக்கும் சொல். அப்பெயர் தாங்கிய புலவர் புறநானூற்று 192ஆம் பாடலில் வருவதை அறிந்துரைக்கவில்லை. ஆற்றுநீரில் செல்லும் மிதவைபோல உயிர் முறைவழிப்படும் என்கிறார். அதிலிருந்து அவர் பெறும் முடிவு, பெரியோரை வியத்தலும் கூடாது, சிறியோரை இகழ்தல் அதனினும் கூடாது என்பதே. ஊழைப் பற்றிய அறிவு வருங்காலத்தின்மீது உரிமை கொண்டாடாமல், எதிரே நிற்கும் மனிதரை நடத்தும் முறையாக மாறுகிறது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பின்வருவன தெளிவாகின்றன. சங்கப் பாடல்களில் வானத்தை நோக்குதல் ‘இன்று’ என்பதைக் கண்டறியும் செயலாக உள்ளது. ‘நாள்’ என்னும் சொல்லின் பொருட்பரப்பு இதற்குச் சான்று. வானக்குறிப்புகளின் நுட்பம் கணிதத் திறனை மட்டுமன்றி, மீளாத ஒரு பொழுதைத் தவறவிடாமல் பற்றிக்கொள்ளும் விருப்பத்தையும் காட்டுகிறது. அந்நோக்கின் முடிவில் தோன்றுவது முன்னறிவு அன்று. ‘தில்’ என்னும் இடைச்சொல் தாங்கும் விழைவு. நிலைத்துவிட்ட, எழுதிய வானத்தை நோக்கும்போது துயர் பெருகுவதை நெடுநல்வாடை உணர்த்துகிறது.

இப்பாடல்களின் காலத்தைக் கணிப்போர் தம் பணியைத் தொடரலாம். ஆனால் 229ஆம் பாடலின் மீன்நிலைகளிலிருந்து ஓர் ஆண்டை எண்ணிக் கண்டுபிடித்த பின்னரும், அப்பாடலில் எண்ணப்படாத ஏழு நாட்கள் எஞ்சி நிற்கின்றன. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் தம் மன்னனோடு பேசியிருக்கக்கூடிய, பேசாமலே போயிருக்கக்கூடிய நாட்கள் அவை. வானத்தின் நான்கு மூலைகளையும் நினைவில் வைத்திருந்த புலவர் அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதே, அப்பாடல் இன்றைய வாசகருக்கு விட்டுச்செல்லும் எச்சரிக்கை.